காரின் ஒலியில் குறையா? அறிகுறியைக் கொண்டு கிராஸ்ஓவர் பிழையைக் கண்டறியும் வழி

காரில் புதிதாக ஸ்பீக்கரும், ஒலியைப் பெருக்கும் ஆம்பும், மிகத் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரும் பொருத்திக்கொண்டவர்கள், முதல் வாரத்து மகிழ்ச்சி அடங்கியதும், ஏதோ ஒன்று சரியில்லை என்று சொல்லத் தொடங்குவார்கள். குரல் மெலிந்திருக்கிறது என்பார்கள். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி பின்னாலேயே நின்றுவிடுகிறது என்பார்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் தலை வலிக்கிறது என்பார்கள். உடனே ஸ்பீக்கரை மாற்றிவிட நினைப்பது இயல்பு. ஆனால் நண்பர்களின் கார்களில் நான் பல ஆண்டுகளாகக் கைவைத்துப் பார்த்த அளவில், இத்தகைய குறைகள் பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கர் தன் பங்கை முடித்து அடுத்த ஸ்பீக்கரிடம் ஒப்படைக்கும் சந்திப்பில்தான் பிறக்கின்றன. அந்தச் சந்திப்பு எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு செங்குத்தாக நிகழ வேண்டும் என்று வகுப்பதே கிராஸ்ஓவரின் வேலை. ஆகவே குறை காதில் பட்டவுடன் எதையாவது கூட்டிப் பார்ப்பதைவிட, அந்தக் குறை எந்தச் சந்திப்பைச் சுட்டுகிறது என்று கண்டுகொள்வது நல்லது.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது நம் சாலைகளில் அதிகம் காணப்படும் ஓர் அமைப்பு. சிறிய ஹேட்ச்பேக் கார். முன் கதவுகளில் தாழ்ந்த, நடுத்தர ஒலிக்கான 6.5 அங்குல வூஃபர். கண்ணாடித் தூணருகே உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர். டிக்கியில் பெட்டிக்குள் 10 அங்குல சப்வூஃபர். இருக்கைக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப். அதன் முதலிரண்டு சேனல்கள் முன் கதவுகளுக்கும், மற்ற இரண்டும் பிரிட்ஜ் செய்யப்பட்டு, அதாவது ஒன்றாக இணைக்கப்பட்டு, சப்வூஃபருக்கும் போகின்றன. பெரிய அமைப்புகளுக்கும் அடிப்படை இதுவே.

தொடங்கும் முன்

டேஷ்போர்டில் பாட்டை இயக்கும் கருவியான ஹெட் யூனிட்டில் ஈக்வலைசரை முழுவதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருங்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் போன்ற அனைத்தையும் அணைத்துவிடுங்கள். பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். பின் கதவு ஸ்பீக்கர்கள் இருந்தால் தற்காலிகமாக அவற்றை ஒலிக்கவிடாமல் செய்யுங்கள். அடுத்து, கிராஸ்ஓவரின் வேலையைச் செய்யும் வடிப்பான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மணிக்கணக்காகக் குமிழ்களைத் திருகியவர்கள் பலரை நான் அறிவேன். ஹெட் யூனிட்டின் மெனுவில் ஒரு வடிப்பான் இருக்கும், ஆம்பில் ஒன்று இருக்கும், முன் ஸ்பீக்கருடன் வந்த சிறு பெட்டிக்குள் இன்னொன்று இருக்கும். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒலியை வடிக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எச்.பி.எஃப். (ஹை-பாஸ் ஃபில்டர்) என்பது குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ளதைத் தடுத்து மேலுள்ளதை விடும். எல்.பி.எஃப். (லோ-பாஸ் ஃபில்டர்) மேலுள்ளதைத் தடுத்துக் கீழுள்ளதை விடும். இரண்டுமே சுவர்போலத் தடுப்பதில்லை, சரிவாகவே குறைக்கின்றன. அதிர்வெண் பாதியாவதை இசையில் ஒரு ஸ்தாயி இறங்குவது என்கிறோம். 12 டெசிபெல் சரிவு என்றால், ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் (எல்.பி.எஃப். ஆயின் ஏறும்போதும்) ஒலி 12 டெசிபெல் குறைகிறது. 24 டெசிபெல் சரிவு என்றால் அதைப்போல் இருமடங்கு வேகமாகக் குறைகிறது. தொடக்க நிலையாக முன் கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸில் எச்.பி.எஃப்., சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸில் எல்.பி.எஃப்., இயன்றால் இரண்டுக்கும் ஒரே சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஹெட் யூனிட்டிலோ ஆம்பிலோ, ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள். ஹெட் யூனிட்டில் எண் தெளிவாகத் தெரிவதால் எனக்கு அதுவே விருப்பம். ஆம்பின் குமிழைச் சுற்றி அச்சிட்ட எண்களை அப்படியே நம்புவதற்கில்லை.

ஒலியைக் கூட்டினால் கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது

மெதுவாக வைத்தால் இனிமையாக இருக்கிறது, பேஸ் விழும் இடங்களில் மட்டும் கரகரப்போ ‘டப்’ என்ற தட்டலோ கேட்கிறது என்றால், கதவு வூஃபருக்கு அதனால் இயலாத வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒலியளவைத் தர, அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் நகரும் கூம்பு 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் நகர நேரிடும். கதவுக்குள் பொருத்தும் வூஃபர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாத தூரம்.

எச்.பி.எஃப். உண்மையிலேயே இயங்குகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சப்வூஃபரை அணைத்துவிட்டு முன் கதவுகளை மட்டும் ஒலிக்கவிட்டால், பேஸ் கிட்டார் தன் கீழ்த்தந்தியில் வாசிக்கும் சுரங்கள் நன்றாகத் தேய்ந்து கேட்க வேண்டும். அதன் தாழ்ந்த திறந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அவை முழுமையாகக் கேட்டால் வடிப்பான் இயங்கவில்லை. இயங்கியும் கரகரத்தால் 80இலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். அல்லது சரிவை 12இலிருந்து 24 ஆக்குங்கள். இரண்டாவது வழியே மேலானது, ஏனெனில் மேலே இருக்கும் ஒலியைத் தொடாமல் கீழே இருக்கும் சுமையை மட்டும் அது இறக்குகிறது.

ஆம்ப் இல்லாமல் ஹெட் யூனிட்டிலேயே ஓட்டுபவர்கள், எச்.பி.எஃப். வசதியும் இல்லாதபோது, ஸ்பீக்கரின் ஒரு கம்பியில் துருவமற்ற கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 265 மைக்ரோஃபாரட் அளவிலானது 150 ஹெர்ட்ஸிலிருந்து 6 டெசிபெல் சரிவில் குறைக்கும். மென்மையான சரிவுதான், ஆயினும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு அது பெரிய உதவி.

கரகரப்பு ஒலியளவைப் பொறுத்ததாக இல்லாமல் ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் எழுந்தால் அது கதவின் அதிர்வு. கதவின் உட்புறப் பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் கிளிப்போ உள்ளே தொங்கும் கம்பியோ காரணம். அங்கே கிராஸ்ஓவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

குரல் மெலிந்து தகரம்போல் ஒலிக்கிறது

ஆண் குரலின் அடிநாதம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. பெண் குரலின் அடிநாதம் ஏறத்தாழ 165 முதல் 255 வரை. கதவு வூஃபரின் எச்.பி.எஃப். இந்த எல்லைக்கு மேல் ஏறிவிட்டால் பாடுபவரின் நெஞ்சுப்பகுதி வெட்டுண்டு, தொண்டை மட்டும் மிஞ்சும். என் முதல் காரில் இதற்காக நான் மூன்று மாதங்கள் அலைந்தேன். ஆம்பில் குமிழ் 80ஐக் காட்டியது. அதன் பக்கத்தில் இருந்த சிறு சுவிட்ச், குமிழின் எண்ணைப் பத்தால் பெருக்கும் நிலையில் இருந்தது. அதாவது வடிப்பான் 800 ஹெர்ட்ஸில் வெட்டிக்கொண்டிருந்தது. பொருத்திய கடையில் ‘ஸ்பீக்கர் செட்டாக நாளாகும்’ என்றார்கள், நானும் நம்பினேன். இத்தகைய சுவிட்ச் பல ஆம்புகளில் உண்டு. ட்வீட்டரைத் தனிச் சேனலில் ஓட்டுபவர்களுக்காக வைத்தது அது. குரல் மெலிந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

அந்தச் சுவிட்சும் சரியாக இருந்தால், ஹெட் யூனிட்டிலும் ஆம்பிலும் எச்.பி.எஃப். ஒரே நேரத்தில் இயங்குகிறதா என்று பாருங்கள். அடுத்தது துருவம். ஒரு கதவு ஸ்பீக்கரின் கம்பிகள் இடம் மாறியிருந்தால் இரு கதவுகளின் கூம்புகளும் எதிரெதிராக நகர்ந்து ஒன்றன் பேஸை மற்றொன்று அழிக்கும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பேலன்ஸை மெதுவாக ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கர் அடங்க அடங்க பேஸ் குறைவதற்கு மாறாகக் கூடினால் துருவம் மாறியிருக்கிறது. உறுதிப்படுத்த, வூஃபரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட வையுங்கள். கூம்பு வெளியே வர வேண்டும். இச்சோதனையை ட்வீட்டரில் செய்யாதீர்கள்.

பேஸ் இருக்கிறது, ஆனால் அடி விழவில்லை

அதிகம் பேருக்கு இருப்பதும் அதிகம் தவறாகத் தீர்க்கப்படுவதும் இந்தக் குறைதான் என்பது என் எண்ணம். சப்வூஃபர் ஒலிக்கிறது, இருக்கை அதிர்கிறது; ஆனால் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ‘தொம்’ உருண்டு திரண்டு வராமல், தோலின் ஓசை முன்னாலும் முழக்கம் பின்னாலும் பிரிந்து கிடக்கிறது. டிரம்ஸின் கிக் மெத்தையில் அடிப்பதுபோல் கேட்கிறது. கேட்பவர் சப்வூஃபரின் கெயினை, அதாவது ஆம்ப் அதைப் பெருக்கும் அளவை, கூட்டுகிறார். முழக்கம் கூடுகிறது, அடி அப்படியே இல்லாமல் இருக்கிறது. காரணம், 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் ஒரு கரையை உயர்த்தினால் பள்ளம் நிரம்பாது.

பள்ளம் இரண்டு விதமாக விழுகிறது. ஒன்று, வடிப்பான்கள் அடுக்கி வைக்கப்பட்டதால் விழும் பள்ளம். ஹெட் யூனிட்டில் சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ் என்று வைத்திருப்பார்கள். ஆம்பின் குமிழ் தன் பங்குக்கு 50இல் இருக்கும். இரண்டும் 12 டெசிபெல் சரிவுள்ளவை என்று கொண்டால், 80 ஹெர்ட்ஸை எட்டும்போது சப்வூஃபருக்குப் போகும் மின்னழுத்தம் ஏறத்தாழ 12 டெசிபெல், அதாவது கால்பங்காக, இறங்கிவிட்டிருக்கும். கதவு வூஃபரோ 80க்குக் கீழே இறங்க மறுக்கிறது. நடுவில் இருக்கும் அடியை எடுத்துத் தர ஆளில்லை. ஹெட் யூனிட்டின் வடிப்பானைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஆம்பின் வடிப்பானை ‘ஆஃப்’ நிலைக்கு மாற்றுங்கள். அந்த நிலை இல்லாத ஆம்பில் குமிழை அதன் உச்சிக்குக் கொண்டுபோங்கள்.

அடுக்குவதால் நன்மை விளையும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 12 டெசிபெல் சரிவுள்ள இரண்டு பட்டர்வொர்த் வகை (பரவலாகப் பயன்படும் வகை) வடிப்பான்களை ஒரே அதிர்வெண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், சந்திப்பில் 6 டெசிபெல் குறைந்து 24 டெசிபெல் சரிவுள்ள வடிப்பான் கிடைக்கிறது. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கி, 1976இல் வெளியான வடிவமைப்பு இதுவே. ஒலியை எண்முறையில் சீரமைக்கும் டி.எஸ்.பி. கருவிகளின் மெனுக்களில் ‘எல்.ஆர்.’ என்று காணப்படுவது அவர்களுடைய பெயரின் சுருக்கம். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்), அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒத்து, சேர்வதால் சந்திப்பில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் குமிழின் எண்ணை நம்ப முடியாத ஆம்பில் இரண்டையும் ஒரே அதிர்வெண்ணில் நிறுத்துவது கடினம். மெனுவில் எல்.ஆர். 24 கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, கட்டத்தால் விழும் பள்ளம். வடிப்பான் ஒலியின் அளவைக் குறைப்பதோடு அதன் அலையை நேரத்தில் நகர்த்தவும் செய்கிறது. சந்திப்பின் இருபுறமும் 12 டெசிபெல் சரிவு வைத்தால் இரண்டு ஸ்பீக்கர்களும் 180 பாகை விலகி நிற்கின்றன. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கிறது. சந்திப்பு அதிர்வெண்ணில் ஒலி அழிகிறது. இதனால்தான் 12 டெசிபெல் சரிவில் ஒன்றன் துருவத்தை மாற்றுவது வழக்கம். இது தாளில் எழுதும் கணக்கு. காருக்குள் தூரமும் சேர்ந்துகொள்கிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். கதவு ஸ்பீக்கரைவிடச் சப்வூஃபர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், அதுவே கிட்டத்தட்டக் கால் சுற்று கட்ட வேறுபாட்டைத் தந்துவிடும். ஆகவே காரில் எந்தத் துருவம் சரி என்பதைக் காது சொல்லட்டும்.

சோதனை எளிது. 80 ஹெர்ட்ஸ் தனிச்சுரத்தை மிதமான அளவில் ஒலிக்கவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் தலையை அசைக்காமல் அமருங்கள். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஆம்பிலோ ஹெட் யூனிட்டிலோ உள்ள ஃபேஸ் சுவிட்சை 0இலிருந்து 180க்கும் மீண்டும் 0க்கும் மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி பெரிதாகக் கேட்கிறதோ அதுவே உங்கள் காருக்கு உரியது. இதே சோதனையை 60, 100 ஹெர்ட்ஸ் சுரங்களிலும் செய்து பாருங்கள். மூன்றில் இரண்டு ஒரே நிலையை ஆதரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவிட்ச் இல்லாதவர்கள் சப்வூஃபரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கேட்கலாம். அதற்குமுன் ஆம்பை அணைத்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிருதங்கத்தைக் கேளுங்கள். தோலும் முழக்கமும் ஒரே கையிலிருந்து வருவதுபோல் சேரும் அந்தக் கணத்துக்கு ஈடான மாற்றத்தைப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வாங்கும் ஸ்பீக்கர்கூடத் தந்து நான் பார்த்ததில்லை.

பேஸ் டிக்கியிலிருந்து வருவது தெரிகிறது

மிகத் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை நம் காது எளிதில் இனம் காண்பதில்லை. அந்த மயக்கம் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகச் செல்லும். அதற்கு மேலே போகப்போகக் காது திசையைப் பிடித்துவிடும். எனவே சப்வூஃபர் தன்னைக் காட்டிக்கொடுக்கிறதென்றால் அதன் எல்.பி.எஃப். உயரத்தில் இருக்கிறது, அல்லது சரிவு போதவில்லை.

முன் கதவுகளை அணைத்துச் சப்வூஃபரை மட்டும் ஒலிக்கவிடுங்கள். பாட்டின் சொற்கள் புரியக்கூடாது. வார்த்தைகள் காதில் விழுந்தால் எல்.பி.எஃப்.ஐ 70 ஹெர்ட்ஸ் வரை இறக்குங்கள், அல்லது 24 டெசிபெல் சரிவுக்கு மாற்றுங்கள். இறக்கியபின் அடியில் பள்ளம் விழுந்தால் கதவுகளின் எச்.பி.எஃப்.ஐயும் 70க்குக் கொண்டுவர வேண்டும். கதவு அதைத் தாங்கவில்லையென்றால், கதவின் உள்தகட்டில் உள்ள திறப்புகளைப் பியூட்டைல் ஒட்டுத்தாளால் மூடிப் பாருங்கள். வூஃபரின் பின்புறத்து ஒலி அந்தத் திறப்புகள் வழியாக முன்புறம் வந்து முன்னொலியை அழித்துக்கொண்டிருக்கும். மூடியதும் கதவுக்குப் புதிய கீழ்ச்சுரங்கள் கிடைப்பதைக் கேட்கலாம்.

சரியான சரிவு வைத்தும் திசை தெரிந்தால், டிக்கியின் பார்சல் பலகையும் நம்பர் பிளேட்டும் அதிர்கின்றனவா என்று பாருங்கள். சப்வூஃபர் தருவது 50 ஹெர்ட்ஸாக இருக்கலாம். பலகையின் சடசடப்பு அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண், காது பிடிப்பது அதைத்தான். ஒலியளவும் காரணமாகலாம். சிறிய அறையைப்போல மூடிய காருக்குள் மிகத் தாழ்ந்த ஒலி தானாகவே பெருகுகிறது. 2.5 மீட்டர் நீளமுள்ள உட்புறத்தில் ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இப்பெருக்கம் தொடங்கும். எனவே வீட்டில் வைத்துக் கேட்பதைவிடக் காரில் சப்வூஃபரைக் குறைத்தே வைக்க வேண்டியிருக்கும்.

‘ச’வும் ‘ஸ’வும் காதைக் குத்துகின்றன

நெடுஞ்சாலையில் தலைவலி தரும் குறை இது. முதலில் ட்வீட்டரின் அளவைப் பாருங்கள். முன் ஸ்பீக்கருடன் வரும் சிறு பெட்டியில் பல சமயம் 0, −3 டெசிபெல் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பு இருக்கும். ட்வீட்டர் முகத்துக்கு நேரே இருக்க, வூஃபர் முழங்காலருகே பக்கவாட்டில் இருப்பதால், −3 நிலையே பெரும்பாலான கார்களுக்குப் பொருந்துகிறது.

அதிலும் தீராதபோது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சந்தேகியுங்கள். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது அங்கேதான். விலை குறைந்த பல செட்டுகளில் ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர் மட்டும் கொடுத்து, வூஃபருக்கு எந்த எல்.பி.எஃப்.உம் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வூஃபர் தன் கூம்பின் முரட்டு அதிர்வுகளோடு மேலே பாடிக்கொண்டே இருக்க, ட்வீட்டரும் அதே பகுதியைப் பாடுகிறது. டி.எஸ்.பி. இருந்தால் வூஃபருக்கு 3000 ஹெர்ட்ஸ் அளவில் எல்.பி.எஃப். வையுங்கள். அதற்கு மேல் ஏற்றுவதில் பயனில்லை. 6.5 அங்குல வூஃபரின் கூம்பு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகலம். 2700 ஹெர்ட்ஸை ஒட்டி அலைநீளம் அந்த அகலத்துக்குச் சமமாகிவிடுவதால், அதன்பின் ஒலி நேராகவே பாய்ந்து எதிர்க்கதவில் மோதுகிறது, பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் நம்மை வந்தடைவதில்லை.

ட்வீட்டர் அடிக்கடி எரிந்துபோகிறது

ஒரு நண்பர் ஒரே ஆண்டில் மூன்று முறை ட்வீட்டர் மாற்றினார். மூன்றாம் முறை நான் தூணின் உறையைக் கழற்றியபோது, ட்வீட்டருடன் வந்த 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குப் பதில் யாரோ 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்திருந்தது தெரிந்தது. 4 ஓம் ட்வீட்டருக்கு முன்னது ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸில் வெட்டும், பின்னது 1800இல். ஒரே கெப்பாசிட்டரின் சரிவு 6 டெசிபெல்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 4000இல் வெட்டும்போதுகூட 2000 ஹெர்ட்ஸில் ஒலி 7 டெசிபெல் மட்டுமே குறைந்திருக்கும். ட்வீட்டரின் தாளில் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் (அது இயல்பாகவே அதிரும் அதிர்வெண்) கொடுக்கப்பட்டிருந்தால், அதற்கு இருமடங்குக்குக் கீழே ஒருபோதும் சந்திப்பை வைக்காதீர்கள். 1500 என்று இருந்தால் 3000க்கு மேல், அதுவும் 12 டெசிபெலுக்குக் குறையாத சரிவில்.

டி.எஸ்.பி. வழியாக ட்வீட்டரைத் தனிச் சேனலில் ஓட்டுபவர்கள், முதலில் வடிப்பானை அமைத்துச் சேமித்தபின்னரே ட்வீட்டரின் கம்பியை இணைக்க வேண்டும். பாதுகாப்புக்காக 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் தொடரில் வைத்துவிடுங்கள். 4 ஓமில் அது ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸில்தான் வெட்டும் என்பதால் உங்கள் 3000 ஹெர்ட்ஸ் சந்திப்பைக் கெடுக்காது. ஆம்ப் இயங்கும்போது எழும் தட்டலும் தவறுதலாக வரும் முழு ஒலியும் ட்வீட்டரைத் தாக்காமல் காக்கும்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தும் எரிந்தால் ஆம்பின் கெயின் அளவுக்கு மீறியிருக்கிறது. தன் எல்லையைத் தாண்டிய ஆம்ப் அலையின் உச்சியைச் சமதளமாக வெட்டிவிடுகிறது. அப்படி முழுவதும் சதுரமாகிவிட்ட அலை அதே உயரமுள்ள இயல்பான அலையைப்போல் இருமடங்கு ஆற்றலைச் சுமக்கும். மல்ட்டிமீட்டர் கொண்டு இதைச் சரிசெய்யலாம். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, வடிப்பான்களை அணைத்து, ஹெட் யூனிட்டின் ஒலியை உச்சத்தில் முக்கால் பங்குக்கு வைத்து, 50 ஹெர்ட்ஸ் சுரத்தை ஒலிக்கவிடுங்கள். சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்பில் 4 ஓமுக்குரிய மாறுமின்னழுத்தம் 14.1 வோல்ட். மீட்டர் அதைக் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள். வாட் எண்ணை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் எந்த ஆம்புக்கும் இந்த எண் கிடைக்கும். சோதனை முடிந்ததும் வடிப்பான்களை மீண்டும் இயக்கிய பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.

பாடகர் வலப்பக்கக் கதவிலேயே நிற்கிறார்

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் வலப்பக்க ஒலி முந்திக்கொள்கிறது. ஹெட் யூனிட்டில் நேரத் தாமதம் அமைக்கும் வசதி இருந்தால் ஒரு அளவுநாடா போதும். காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து, மிகத் தொலைவில் இருப்பதற்குச் சமமாக மற்றவற்றைத் தாமதிக்கச் செய்ய வேண்டும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34.6 சென்டிமீட்டர் செல்கிறது. வலக்கதவு 90, இடக்கதவு 130, சப்வூஃபர் 180 சென்டிமீட்டர் என்றால், வலக்கதவுக்கு 2.6 மில்லி விநாடி, இடக்கதவுக்கு 1.45, சப்வூஃபருக்குப் பூஜ்யம். இதைச் செய்தபின் முன்பு சொன்ன ஃபேஸ் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும், ஏனெனில் தூரத்தால் வந்த கட்ட வேறுபாடு இப்போது மாறிவிட்டது.

சப்வூஃபரின் கூம்பு ஆடுகிறது, ஒலி வரவில்லை

துளை வைத்த பெட்டியில் மட்டும் வரும் குறை இது. பெட்டி இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்றின் அழுத்தம் இருப்பதில்லை. ஒலி தராமலே அது எல்லை மீறி ஆடும், நாளடைவில் கிழியும். ஆம்பில் மிகமிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சப்சானிக் வடிப்பான் இருந்தால் பெட்டியின் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே, 35 ஹெர்ட்ஸ் பெட்டியாயின் 28 முதல் 30 வரையில், வையுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள். அதில் 12 டெசிபெல் கூட்டுவது ஆம்பிடம் பதினாறு மடங்கு ஆற்றலைக் கேட்பதாகும்.

குமிழைத் திருப்பினாலும் எதுவும் மாறவில்லை

அந்தக் குமிழ் இயங்கும் நிலையில் இல்லை. பெரும்பாலான ஆம்புகளில் எச்.பி.எஃப்., முழு ஒலி, எல்.பி.எஃப். என்று மூன்று நிலைகளுள்ள சுவிட்ச் ஒன்று ஒவ்வொரு சேனல் இணைக்கும் இருக்கும். அது முழு ஒலி நிலையில் இருக்கும்வரை அருகிலுள்ள குமிழுக்கு வேலையில்லை. எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் ‘ஙீ’ என்ற இரைச்சலுக்கும் கிராஸ்ஓவருக்கும் தொடர்பில்லை. எர்த் இணைப்பைப் பாருங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு எல்லாம் கெட்டுவிட்டது

நேற்றுவரை நன்றாக ஒலித்த கார், பணிமனையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் திடீரென்று கரகரத்தால், ஹெட் யூனிட் தன் அமைப்புகளை மறந்திருக்க வாய்ப்புண்டு. கடிகாரம் தவறான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் கிராஸ்ஓவரும் பழைய நிலைக்குத் திரும்பி, கதவு வூஃபர்களுக்கு முழு ஒலி போய்க்கொண்டிருக்கக்கூடும். ஒலியை உடனே குறைத்துவிட்டு மெனுவைத் திறந்து எண்களை மீண்டும் இடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு எண்ணையும், ஆம்பின் ஒவ்வொரு குமிழும் சுவிட்சும் நிற்கும் இடத்தையும், நான் கைபேசியில் படமெடுத்து வைப்பதோடு, ஒரு தாளிலும் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.